நூலில் தேடப்பெற்ற நீதி: இந்தியச் சட்ட முறைமையின் தோற்றம் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

இந்தியாவில் வழக்கிலுள்ள சட்ட முறைமையின் தோற்றம் குறித்து இருவேறு கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. ஆங்கிலேயர் தம் நாட்டுச் சட்டத்தைக் கப்பலேற்றிக் கொணர்ந்து இங்கே இறக்கினர் என்பது ஒன்று. மனு, யாஞ்ஞவல்கியர் முதலியோர் வகுத்த பழைய நெறியே காலத்திற்கேற்ப உருமாறித் தொடர்கின்றது என்பது மற்றொன்று. முன்னது குற்றவியலையும் நீதிமன்ற நடைமுறையையும் மனத்திற்கொண்டு கூறப்படுவது. பின்னது திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றை மனத்திற்கொண்டு கூறப்படுவது. இரண்டும் அரை உண்மைகளே. ஒரு மக்களின் சட்டம் அவர்களது பழைய நூலில் உறைகின்றது, அந்நூலைக் கண்டெடுத்து மொழிபெயர்த்துவிட்டால் நீதி வழங்கிவிடலாம் என்று 1772-இல் கல்கத்தாவில் கொள்ளப்பட்ட முடிவே இம்முறைமையின் போக்கைப் பெரிதும் வரையறுத்தது. அம்முடிவால் மொழிபெயர்ப்பாளனே ஒருவகையில் சட்டம் இயற்றுபவனும் ஆனான். மொழியும் இலக்கியமும் பயில்வோர் இவ்வரலாற்றைச் சட்டத்துறையினரிடம் மட்டுமே விட்டுவிட இயலாமைக்குக் காரணமும் இதுவேயாகும்.

கோட்டைக்குள் ஒரு சட்டம்

கிழக்கிந்தியக் கும்பினி வணிகம் செய்ய வந்த முதல் நூறாண்டுகளில் அதன் நீதி அதிகாரம் தன் குடியிருப்புகளின் எல்லையைத் தாண்டவில்லை. 1661-ஆம் ஆண்டுப் பட்டயம் ஆளுநரும் அவர் குழுவினரும் ஆங்கிலச் சட்டப்படி வழக்குகளைத் தீர்க்க இசைவளித்தது. சென்னையில் சாவடி நீதிமன்றம் என ஒன்று இருந்தது. அங்கே தொடக்கத்தில் ஊர் அதிகாரியே சிறு வழக்குகளை உள்ளூர் வழக்கப்படி கேட்டுவந்தார். 1688-இல் மேயர் நீதிமன்றம் ஏற்பட்டது. 1726-ஆம் ஆண்டுப் பட்டயம் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றிலும் அரசரின் பெயரால் மேயர் நீதிமன்றங்களை நிறுவியது. ஆயினும் 1753-ஆம் ஆண்டுப் பட்டயம், இருதரப்பினரும் உடன்பட்டாலன்றி இந்நாட்டவர் தமக்குள் கொண்ட வழக்குகளை அம்மன்றங்கள் ஏற்கலாகாது என வரம்பு கட்டியது. ஆங்கிலச் சட்டத்தை இந்நாட்டு மக்கள்மீது முழுமையாகச் சுமத்தும் நோக்கம் அக்காலக் கும்பினிக்கு இருக்கவில்லை என்பது இதனால் பெறப்படும்.

நிலைமையை மாற்றியது 1765. அவ்வாண்டில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றின் திவானி உரிமையைக் கும்பினிக்கு அளித்தார். வரி தண்டும் உரிமையோடு நில வழக்கும் உரிமை வழக்கும் தீர்க்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. கோட்டைக்குள் இருந்தவரை எழாத கேள்வி இப்போது எழுந்தது: இத்தனை கோடி மக்களின் வழக்கை எந்தச் சட்டப்படி தீர்ப்பது?

1772-ஆம் ஆண்டு முடிவு

வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772 ஆகஸ்டில் வகுத்த நீதித் திட்டம் இக்கேள்விக்கு விடை கூறியது. மாவட்டந்தோறும் உரிமை வழக்குக்கு ஒரு திவானி அதாலத்தும் குற்ற வழக்குக்கு ஒரு பௌஜ்தாரி அதாலத்தும், இவற்றின் மேல் கல்கத்தாவில் சதர் திவானி அதாலத், சதர் நிஜாமத் அதாலத் என இரு மேல் மன்றங்களும் அமைந்தன. மன்ற அமைப்பைவிட அத்திட்டத்தின் ஒரு விதியே வரலாற்றில் ஆழப் பதிந்தது. வாரிசுரிமை, திருமணம், சாதி, பிற சமய வழக்காறுகள் ஆகியவற்றில் முகமதியர்க்குக் குரானின் சட்டமும் இந்துக்களுக்குச் சாத்திரத்தின் சட்டமும் தவறாது பின்பற்றப்படவேண்டும் என்பதே அவ்விதி.

இவ்விதியை ஹேஸ்டிங்ஸின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் கொள்வாருளர். வங்காளத்தில் சட்டமே இல்லை, எனவே ஆங்கிலச் சட்டத்தைப் புகுத்தலாம் என்ற கூற்றை மறுக்கவே அவர் இதனை முன்வைத்தார் என்பதும் மெய்யே. ஆனால் விதியின் அமைப்பை உற்று நோக்கினால் மூன்று ஊகங்கள் அதனுள் புதைந்திருப்பது புலனாகும். மக்கள் அனைவரும் இரண்டே சமயத்தொகுதிகளுள் அடங்குவர். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே சட்டம் உண்டு. அச்சட்டம் நூல்வடிவில் உள்ளது. மூன்றுமே ஐயத்திற்குரியன.

தமிழகத்துக் கல்வெட்டுச் சான்றுகளை அறிந்தோர்க்கு மூன்றாவது ஊகத்தின் வலுவின்மை எளிதில் விளங்கும். அம்பு தவறிப் பட்டு ஒருவன் இறந்துபட, எய்தவனைக் கொல்லாது கோயிலில் நுந்தாவிளக்கு எரிக்கச் செய்த முடிவுகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் பலவிடத்தும் காணப்படுகின்றன. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு சாவா மூவாப் பேராடு என்னும் அளவும் அறிந்ததே. கூடியிருந்து வழக்கை ஆய்ந்த நாட்டாரும் ஊராரும் செயலின் நோக்கத்தை எடைபோட்டுத் தண்டத்தை வகுத்துள்ளனர். நூல் அங்கே முன்னிற்கவில்லை, அவையே முன்னின்றது. சாத்திரம் அறியப்படாதிருந்தது என்று இதற்குப் பொருளன்று. முதற் குலோத்துங்கன் காலத்தில் இரதகாரர்க்குரிய தொழில்கள் யாவை என்று வினா எழுந்தபோது பட்டர்கள் யாஞ்ஞவல்கியர், கௌதமர் முதலியோரின் நூல்களைச் சான்று காட்டி முடிவு கூறினர். நூலும் வழக்காறும் அருகருகே வாழ்ந்தன. எது எங்கே செல்லும் என்பதை அவையினர் முடிவு செய்தனர். 1772-ஆம் ஆண்டு விதி இந்தத் தெரிவை அவையிடமிருந்து எடுத்து நூலிடம் ஒப்படைத்தது.

பதினொரு பண்டிதரும் மூன்று மொழிகளும்

நூல் வேண்டும் என்று விதித்தாயிற்று. நூலைப் படிக்க வல்ல ஆங்கில நீதிபதி ஒருவரும் இல்லை. ஹேஸ்டிங்ஸ் பதினொரு பண்டிதர்களைக் கல்கத்தாவிற்கு வரவழைத்தார். அவர்கள் 1773 முதல் 1775 வரை உழைத்துப் பல்வேறு நூல்களிலிருந்து தொகுத்த வடமொழித் தொகுப்பு ‘விவாதார்ணவசேது’ எனப்பட்டது. அதனைப் பண்டிதர் ஒருவர் வங்காள மொழியில் வாய்மொழியாக எடுத்துரைக்க, முன்ஷி ஒருவர் அதனைப் பாரசீகத்தில் எழுத, அப்பாரசீகத்தை நதானியல் பிராசி ஹால்ஹெட் ஆங்கிலமாக்கினார். 1776-இல் அது இலண்டனில் அச்சேறியது. அப்போது ஹால்ஹெட்டுக்கு வயது இருபத்தைந்தே. வடமொழிச் சூத்திரத்தின் செறிவு வங்காளப் பேச்சில் தளர்ந்து, பாரசீக உரைநடையில் சுருங்கி, ஆங்கிலத்தில் வேறொன்றாகியது. மூலத்தில் விதியும் உரையும் மறுப்புமாக இருந்தவை மொழிபெயர்ப்பில் கட்டளைகளாயின. உரையாசிரியர் மரபை அறிந்த எவரும் இதிலுள்ள இழப்பை உடனே உணர்வர்.

இதே ஹால்ஹெட் 1778-இல் வங்காள மொழிக்கு ஓர் இலக்கணம் வெளியிட்டார். அதற்கெனவே சார்லஸ் வில்கின்ஸ் வங்காள அச்செழுத்துகளை வார்த்தார். சட்டத்தின் தேவை இந்திய மொழிகளின் அச்சு வரலாற்றோடு பின்னிப் பிணைந்திருப்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

சாத்திரம் தேடும் பணி ஒருபுறம் நடக்க, கல்கத்தா நகரில் நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. 1773-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி 1774-இல் அங்கே அமைந்த உச்ச நீதிமன்றம் ஆங்கிலச் சட்டத்தைக் கைக்கொண்டது. ஹேஸ்டிங்ஸ்மீது கையூட்டுக் குற்றம் சாட்டிய மகாராஜா நந்தகுமார் சில வாரங்களிலேயே பொய்யாவணக் குற்றத்திற்காகக் கைதானார். தலைமை நீதிபதி எலைஜா இம்பே தலைமையில் வழக்கு நடந்தது. 1775 ஆகஸ்ட் 5-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். பொய்யாவணத்திற்குக் கொலைத்தண்டம் என்பது வங்காளம் அறியாத நெறி. இலண்டனில் வணிகரின் கடன் பத்திரங்களைக் காக்க எழுந்த சட்டம் அது. இம்பேயின்மீது பின்னர் நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டு கொணரப்பட்டுத் தோல்வியுற்றது. நந்தகுமாரின் மரணத்தில் ஹேஸ்டிங்ஸின் பங்கு யாது என்பது இன்றளவும் வாதிற்குரியது. ஆனால் ஒரே நகரில் இரு சட்டங்கள் மோதியதன் விளைவை அரசு உணர்ந்தது என்பதில் ஐயமில்லை. 1781-ஆம் ஆண்டுச் சட்டம் உச்ச நீதிமன்றமும் வாரிசுரிமை, ஒப்பந்தம் ஆகியவற்றில் இந்துக்களுக்கும் முகமதியர்க்கும் அவரவர் சட்டத்தையும் வழக்காற்றையும் பின்பற்றவேண்டும் என்றது.

நீதிபதி கற்ற மொழி

1783-இல் அந்நீதிமன்றத்திற்கு நீதிபதியாக வந்தவர் சர் வில்லியம் ஜோன்ஸ். வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவை 1786-இல் எடுத்துரைத்தவர் என்ற முறையில் மொழியியல் மாணவர் அனைவரும் அவரை அறிவர். அவர் வடமொழி கற்கத் தலைப்பட்டதன் காரணம் அத்துணை பரவலாக அறியப்படவில்லை. நீதிமன்றப் பண்டிதர்கள் கூறும் விளக்கத்தை அவர் நம்பவில்லை. அவர்களது தயவில் தீர்ப்பளிக்க நேர்வதைத் தம் கடிதங்களில் வெறுத்து எழுதினார். ஒப்பியல் மொழியியலின் தோற்றத்திற்குப் பின்னணியில் ஒரு நீதிபதியின் ஐயம் இருந்தது எனலாம்.

மனுவை ஆங்கிலமாக்கி 1794-இல் வெளியிட்ட ஜோன்ஸ் அவ்வாண்டிலேயே மறைந்தார். அவர் தொடங்கிவைத்த பெருந்தொகுப்பை வடமொழியில் ஆக்கியவர் ஜகந்நாத தர்க்கபஞ்சானனர்; ஆங்கிலமாக்கியவர் ஹென்றி தாமஸ் கோல்புரூக். கோல்புரூக் 1810-இல் வெளியிட்ட மற்றொரு மொழிபெயர்ப்பு இவை எல்லாவற்றிலும் நிலைத்த பயன் விளைத்தது. ஜீமூதவாகனரின் ‘தாயபாகம்’, யாஞ்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய ‘மிதாட்சரம்’ ஆகியவற்றின் வாரிசுரிமைப் பகுதிகள் அவை. தந்தையின் மறைவுக்குப் பின்னரே மகனுக்கு உரிமை என்பது முன்னதன் கொள்கை. பிறப்பினாலேயே மூதாதையர் சொத்தில் மகனுக்கு உரிமை என்பது பின்னதன் கொள்கை. வங்காளத்திற்குத் தாயபாகம், ஏனைய பகுதிகளுக்கு மிதாட்சரம் எனப் பிரிவு வகுக்கப்பட்டது. கல்யாணிச் சாளுக்கியர் அவையில் இருந்த ஓர் உரையாசிரியரின் கருத்து, அவர் பெயரையே கேட்டறியாத திருநெல்வேலி உழவனின் நிலத்தைப் பங்கிடும் நெறியாயிற்று.

தெற்கில் எழுந்த வினா

சென்னையில் 1801-இல் உச்ச நீதிமன்றம் தொடங்கியது. 1802-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வங்காள நீதி அமைப்பை மாகாணம் முழுதிற்கும் விரித்தன. 1812-இல் அமைந்த சென்னைக் கோட்டைக் கல்லூரியின் உயிர்நாடியாக விளங்கிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ், 1816-இல் திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை நிறுவியவர். மிராசு உரிமை பற்றித் தமிழ், வடமொழிச் சான்றுகளைக் கொண்டு விரிவாக எழுதியவரும் அவரே. வடக்கில் ஜோன்ஸுக்கு நேர்ந்தது போன்றே தெற்கில் எல்லிஸிடமும் நில உரிமை ஆய்வும் மொழி ஆய்வும் ஒரு மேசையிலேயே நிகழ்ந்தன.

சாத்திர நூலின் ஆட்சி கடுமையான சோதனைக்குள்ளானது இராமநாதபுரம் ஜமீன் வழக்கில்தான். மகனின்றி இறந்த சேதுபதியின் மனைவி இராணி பர்வதவர்த்தினி, கணவரின் உற்றார் இசைவுடன் முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். கணவர் உயிரோடிருந்தபோது தத்தெடுக்க இசைவளித்தார் என்பது நிறுவப்படாமையின் அத்தத்து செல்லாது, வாரிசற்ற ஜமீன் அரசையே சேரும் என்பது அரசுத் தரப்பின் வாதம். மதுரை ஆட்சியர் தொடுத்த இவ்வாதம் இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. ஒரு கைம்பெண்ணின் செயல் செல்லுமா என்பதில் ஒரு சமஸ்தானமே தொங்கிக்கொண்டிருந்தது.

வழக்கின் நடுவே நின்றது வசிட்டர் பெயரால் வழங்கும் ஒரு வாக்கியம்: கணவன் இசைவின்றிப் பெண் மகனைக் கொடுக்கவோ ஏற்கவோ கூடாது என்பது அதன் கருத்து. மிதிலைப் பகுதியினர், தத்தெடுக்கும் வேளையில் கணவனின் இசைவு வேண்டும், எனவே கைம்பெண் தத்தெடுக்கவே இயலாது என்றனர். வங்காளத்தார், கணவன் வாழ்நாளில் அளித்த இசைவு போதும் என்றனர். மராட்டியப் பகுதியில் இசைவின்றியும் எடுக்கலாம் என்று கொள்ளப்பட்டது. திராவிடப் பகுதியில் கணவனின் உற்றார் இசைவு போதும் என்பது வழக்காறு. ஒரு வாக்கியத்திற்கு நான்கு பொருள். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டதை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. ஆனால் ஒரு நூலுக்கு ஒரு சட்டம் என்று எண்ணியிருந்தோர்க்கு இது பெருஞ்சிக்கலாயிற்று.

1868-இல் பிரிவி கவுன்சில் தத்து செல்லும் எனத் தீர்த்தது. இந்துச் சட்டமுறையில் வழக்காறு தெளிவாக மெய்ப்பிக்கப்படுமாயின் அது எழுதப்பட்ட நூலினும் வலிமையுடையது என்ற நெறியையும் அது நிலைநாட்டியது. தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழித்து வழக்காறு மீண்டும் மன்றத்திற்குள் நுழைந்தது. அது நுழைந்த வாயிலோ மிகக் குறுகியது. வழக்காற்றை எடுத்துரைப்பவரே அது தொன்மையானது, இடையறாதது, ஐயத்திற்கு இடமற்றது என மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கத் தவறினால் நூலே செல்லும். சமஸ்தானத்தார்க்கு இயன்ற செலவு எளிய குடியானவர்க்கு இயலுமா? பெரும்பான்மையோரின் வாழ்நெறி விதிவிலக்காகவும் சிறுபான்மையோரின் நூல்நெறி பொதுவிதியாகவும் ஆன நிலை மாறவில்லை.

இதனை வெளிப்படையாகக் கண்டித்தவர் மதுரை மாவட்டக் கையேட்டை 1868-இல் வெளியிட்ட ஜே. எச். நெல்சன். சென்னை உயர் நீதிமன்றம் செலுத்தும் இந்துச் சட்டம் பற்றி 1877-இல் அவர் எழுதிய நூல், தென்னாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் வடமொழிச் சட்டநூல்களின்கீழ் என்றுமே வாழ்ந்தவரல்லர் என வாதிட்டது. உயர் நீதிமன்ற நீதிபதி இன்னெஸ் அதனை மறுத்தெழுதினார். நெல்சனின் கூற்றில் மிகைப்பாடு உண்டு. பிராமணரல்லாதாரிடையே சாத்திரத் தாக்கம் அறவே இல்லை என்பது போன்ற தொனி சான்றுகளோடு பொருந்துவதன்று. ஆயினும் அவர் எழுப்பிய அடிப்படை வினாவுக்கு நீதிமன்றம் நேரிய விடை கூறியதாகத் தெரியவில்லை.

நூலைத் தேடாது மக்களையே வினவும் வழியும் இருந்தது என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. அங்கே ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் ஆணைப்படி, நெடுங்காலம் அப்பகுதியில் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் தமிழரின் வழக்காறுகளைத் தொகுத்து 1707-இல் முடித்தார். ஜான் பைரஸ் அதனைத் தமிழாக்க, பன்னிரு முதலிமார் பார்வையிட்டு இசைந்தனர். அதுவே தேசவழமை. 1806-இல் ஆங்கில அரசும் அதனை ஏற்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் அதன் சொற்பாகுபாட்டில், தாயின் சீதனம் மகளுக்குச் செல்லும் நெறி தெளிவாக இடம்பெறுகின்றது. தேசவழமையும் குறையற்றதன்று. வினவப்பட்டோர் வேளாள முதலிமாரே; அடிமைகளைப் பற்றிய விதிகளில் அவர்களது நலன் வெளிப்படை. ஆயினும் அதன் சொற்கள் அம்மக்கள் நாள்தோறும் வழங்கிய சொற்கள். இராமநாதபுரத்து வழக்கு நடந்த சொற்களோ அங்குள்ளோர் வாயில் வழங்காதவை.

தொகுப்புச் சட்டங்கள்

குற்றவியல் வேறு வழியில் சென்றது. 1793-ஆம் ஆண்டுக் காரன்வாலிஸ் தொகுப்புக்குப் பின்னும் வங்காளத்தில் இசுலாமியக் குற்றச் சட்டமே பல திருத்தங்களுடன் நின்றது. 1833-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின்படி ஆளுநர் குழுவின் சட்ட உறுப்பினராக மெக்காலே 1834-இல் சென்னையில் வந்திறங்கி, உதகையில் பெண்டிங்கைக் கண்டு, பின் கல்கத்தா சென்றார். அவர் தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் அளித்த வரைவு இருபத்து மூன்று ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. பார்ன்ஸ் பீகாக்கின் திருத்தத்துடன் 1860-இல் 511 பிரிவுகள் கொண்ட இந்தியத் தண்டனைச் சட்டமாக நிறைவேறி 1862-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே எந்தப் பழைய நூலும் தேடப்படவில்லை. இங்கிலாந்தின் சட்டமும் அவ்வாறே பெயர்க்கப்படவில்லை. இங்கிலாந்தில் அத்தகைய தொகுப்பு அக்காலத்தில் இல்லவே இல்லை. பிரிவுதோறும் எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தமை இச்சட்டத்தின் தனிச்சிறப்பு. ‘ஏ’ என்பவன் ‘இசட்’ என்பவனின் நிலத்து மரத்தைக் களவாடும் கருத்துடன் வெட்டுகிறான் என்பன போன்ற அச்சிறு காட்சிகள், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறையிலுள்ள 358 பிரிவுகள் கொண்ட பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இடம்பெற்றுள்ளன.

1862-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்கள் தொடங்கின. பழைய சதர் அதாலத்தின் தீர்ப்புகளைத் தமிழறிந்தோர் படித்தறிய முதன்முதலில் வழிசெய்தவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளை அவர் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் தமிழாக்கினார். ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியராகவே அவரைப் போற்றும் இலக்கிய வரலாறுகள் இந்நூலைப் பெயரளவில் குறித்துக் கடந்துவிடுகின்றன. நூலாராய்ச்சியாளர் இதனை விரிவாக ஆராய்தல் வேண்டும். பண்டிதர் பொருள் கூறிய காலம் முடிந்து, முந்தைய தீர்ப்பே சட்டமாகும் காலம் தொடங்கிய தறுவாயில் அது தோன்றியது. 1864-இல் நீதிமன்றப் பண்டிதர், மௌல்வி பதவிகள் நீக்கப்பட்டன. சாத்திரப் பொருளை இனி நீதிபதிகளே, ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் தம் முன்னோர் தீர்ப்புகளையும் கொண்டு கூறினர்.

விடுதலைக்குப் பின் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், தான் விதி வகுத்த பொருள்களைப் பொறுத்தவரை சாத்திரவுரை, வழக்காறு இரண்டையும் ஒருங்கே விலக்கியது. எனினும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை ஆண்மக்களுக்கே என்ற நெறியை அது தொடவில்லை. தமிழகம் 1989-இல் இயற்றிய திருத்தம் அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகளிர்க்கு அவ்வுரிமையை அளித்தது. 2005-ஆம் ஆண்டு நடுவண் அரசின் திருத்தம் நாடு முழுதும் மகளிர் அனைவர்க்கும் அளித்தது. மகளுக்குச் சமவுரிமை வழங்கும் அத்திருத்தத்தின் ஆறாம் பிரிவு, தான் பொருந்தும் குடும்பத்தை ‘மிதாட்சரச் சட்டத்தால் ஆளப்படும் இந்துக் கூட்டுக்குடும்பம்’ என்றே குறிக்கின்றது.